செயலிக்குள்ளேயே ஒரு மொழியைக் குடிவைத்த கதை

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். மதியத்துக்குள் கணக்கு முடிந்து, கவர் போட்டு, சாயங்காலம் ஆட்கள் கையில் பணம் போய்ச் சேர வேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்காளர் ஃபோன் செய்தார். "தம்பி, நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்ததுங்க. இன்னைக்குத் திறந்தா ஒரு செகண்ட் தெரியுதுங்க, அப்புறம் காணாமப் போயிடுதுங்க. ஆளுங்க வேற வந்து நிக்கிறாங்க."

நான் எழுதி விற்கும் மென்பொருள் அது. விண்டோஸில் ஓடும் டெஸ்க்டாப் செயலி, சி++ மொழியில் க்யூட்டி (Qt) என்ற கருவித் தொகுப்பை வைத்து எழுதியது, வேலை ஒன்றுதான்: வாரச் சம்பளம் போடுவது. கேட்பதற்கு எளிது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்களுக்கு பீஸ் ரேட், செக்கிங்குக்கும் பிசிறு வெட்டுபவர்களுக்கும் ஷிப்ட் கணக்கு, அதில் ஒருவர் ஒன்றரை ஷிப்டை ஒன்றரையாகவே கணக்கிடுவார், இன்னொருவர் ராத்திரி சாப்பாட்டுக் காசு சேர்ப்பார், மூன்றாமவர் அட்வான்ஸ் பிடித்தத்தை வாரம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று நிறுத்துவார். முதல் இரண்டு வருடம் இதற்கெல்லாம் செட்டிங்ஸில் டிக் பெட்டிகளாகப் போட்டுக்கொண்டே போனேன், ஒரு கட்டத்தில் எந்தப் பெட்டி எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கே பார்த்துச் சொல்ல முடியாத நிலை வந்தது. அதனால்தான் கணக்கு விதியை மட்டும் செயலிக்கு வெளியே எடுத்து, ஒரு ஸ்கிரிப்டாக, அதாவது செயலி படித்து ஓட்டும் சின்ன நிரல் கோப்பாக வைத்தேன். மொழி பைத்தான். அதுவரைக்கும் முடிவு சரி.

தவறு அடுத்ததில். பைத்தானை வாடிக்கையாளர் கணினியில் தனியாக நிறுவச் சொல்லி, அதை என் செயலி தேடிப் பிடித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். செயலியின் அளவு சிறியதாக இருக்கும், பைத்தான் அப்டேட் தானாக வரும் என்பது அப்போது என் நியாயம்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு அதே கணினியில் வேறு ஒரு மென்பொருளை யாரோ நிறுவியிருக்கிறார்கள். அதுவும் உள்ளே பைத்தான் பயன்படுத்துவது. அதன் இன்ஸ்டாலர் பைத்தான்ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (கணினியில் எல்லாச் செயலிகளும் படிக்கக்கூடிய ஒரு அமைப்பு) தன் ஃபோல்டரைப் பார்க்கும்படி கணினி முழுவதற்குமாக மாற்றிவிட்டது. பைத்தான் எழும்போது தன்னுடைய ஸ்டாண்டர்ட் லைப்ரரி, அதாவது கூடவே வரும் அடிப்படை நிரல்கள், எங்கே இருக்கிறது என்று தேடும், அந்த வேரியபிள் இருந்தால் அது காட்டும் இடத்தில்தான் தேடும். என் செயலிக்குள் எழுந்த பைத்தானும் அங்கே போய்த் தேடியது, தனக்கு வேண்டியது கிடைக்காமல் நின்றுவிட்டது. பைத்தானைப் பிற செயலிக்குள் வைத்துப் பழகியவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது பார்த்திருக்கும் செய்தி இது: 'என்கோடிங்ஸ்' என்ற மாட்யூல் இல்லை. பைத்தான் தன் வேலையைத் துவங்கவே அந்த மாட்யூல் வேண்டும், அதனால் அது இல்லையென்றால் பிழையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வராது, மொத்த ப்ராசஸையும் முடித்துவிடும். என் செயலியும் அதோடு சேர்ந்து போய்விட்டது. பிழை எந்த வரியில் வந்தது என்று காட்டும் டிரேஸ்பேக் எடுக்கக்கூட வழியில்லை. அந்த வேரியபிளை நீக்கச் சொல்லி ஃபோனிலேயே வழிகாட்டி, கணக்கு போட்டு முடிக்க மதியம் ஒன்றரை ஆனது. அவ்வளவு நேரம் அந்த ஆட்கள் வாசலில் நின்றார்கள், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது: உங்கள் செயலிக்கு, ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் ஒரு இன்டர்பிரட்டர் வேண்டுமென்றால் அதைக் கூடவே கொண்டுபோங்கள். இன்னொருவர் வீட்டு அடுப்பை நம்பி அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேக்கில் இருப்பவர்களுக்கு இது 2022-லேயே புரிந்திருக்கும். மேக்ஓஎஸ் 12.3 வந்தபோது ஆப்பிள் அதுவரை கூடவே தந்துகொண்டிருந்த பைத்தான் 2.7-ஐ நீக்கியது, அதை நம்பி எழுதப்பட்டவை அப்படியே நின்றன. பிளெண்டர், சப்லைம் டெக்ஸ்ட், விண்டோஸில் லிப்ரேஆஃபீஸ் எல்லாமே தங்களுக்கென்று ஒரு பைத்தானை உள்ளே வைத்துத்தான் தருகின்றன. பிளெண்டர் ஒவ்வொரு வெளியீட்டிலும் எந்தப் பைத்தான் என்று தானே முடிவு செய்கிறது, கணினியில் இருக்கும் பைத்தான் என்ன வெர்ஷன் என்பதைப் பற்றி அது கவலைப்படுவதே இல்லை.

விண்டோஸில் இதைச் செய்வது இப்போது கடினமில்லை. பைத்தான் 3.5-லிருந்து 'எம்பெடபிள்' (உள்ளே பதிக்கத்தக்கது) என்ற பெயரில் ஒரு ஜிப் தருகிறார்கள். இன்ஸ்டாலர் கிடையாது, விண்டோஸின் அமைப்புகள் சேரும் ரெஜிஸ்ட்ரியைத் தொடாது, ஸ்டாண்டர்ட் லைப்ரரி முழுவதும் ஒரே ஜிப் கோப்பாக உள்ளே இருக்கும், பிற பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப்பும் திரை வரையும் டிகின்டரும் இருக்காது. அதோடு ._பிடிஹெச் என்று முடியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு வரும். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் அதுதான் காவல்காரன். பைத்தானின் டிஎல்எல் (விண்டோஸில் செயலி ஏற்றிக்கொள்ளும் நிரல் கோப்பு) பக்கத்தில் அது இருந்தால் பைத்தான் என்விரான்மென்ட் வேரியபிளையும் பார்க்காது, ரெஜிஸ்ட்ரியையும் பார்க்காது, அதில் எழுதியிருக்கும் பாதைகளை மட்டுமே நம்பும். அதோடு, 3.8-லிருந்து துவக்கும் முறையே மாறியிருக்கிறது. தனித்து இயங்கும்படி ஒரு கான்ஃபிக் தயாரித்துக் கொடுத்தால் வெளியே இருக்கும் எதையும் கண்டுகொள்ளாது, துவக்கத்தில் ஏதாவது தவறினாலும் ப்ராசஸைக் கொல்லாமல் என்ன தவறு என்று உங்களிடம் திருப்பித் தரும். அந்த ஒன்று மட்டும் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் 'சம்பள விதி ஓடவில்லை' என்று திரையில் ஒரு வரியாவது காட்டியிருப்பேன்.

மேக்கில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: கையொப்பமிட்ட செயலித் தொகுப்புக்குள் பைத்தான் தன் பைகேஷ் கோப்புகளை (பைட்கோட், அதாவது ஸ்கிரிப்டை முன்கூட்டியே மாற்றிவைத்த வடிவம்) எழுதிவிட்டால் கையொப்பம் கெட்டுவிடும். பைட்கோட் எழுதுவதை நிறுத்திவையுங்கள்.

இப்படிப் பைத்தானை உள்ளே வைத்து ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு வாடிக்கையாளர் கணினியை ரிமோட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் அங்கே இருந்தது. கேட்டேன். "பக்கத்துக் கம்பெனிக்காரரு வாட்ஸப்ல அனுப்புனாருங்க, அவங்க கணக்கும் நம்ம கணக்கும் ஒண்ணுதானுங்களே" என்றார். அதில் தப்பாக எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கணினியில் முன்னூறு பேரின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கின்றன, பைத்தான் ஸ்கிரிப்டுக்கோ கோப்பைத் திறக்கவும் அழிக்கவும் இணையத்துக்கு அனுப்பவும் முழு உரிமை இருக்கிறது. வேர்ட் கோப்புக்குள் இருக்கும் மேக்ரோ என்ற சின்ன நிரல் வழியாக மெலிஸா வைரஸ் பரவியது 1999-ல். இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் துவங்கியது 2022-ல். இடையில் 23 வருடம். என் வாடிக்கையாளர்களை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

பைத்தானையே கூண்டுக்குள் அடைக்கலாமே என்று தேடினேன். முடியாது என்றுதான் தெரிந்தது. பைத்தானில் எந்த ஒரு சாதாரண பொருளைப் பிடித்தாலும் அதன் கிளாஸுக்கு (அந்த வகைப் பொருளின் வரையறைக்கு) ஏறலாம், அங்கிருந்து எல்லாவற்றுக்கும் மூலமான கிளாஸுக்கு, அங்கிருந்து இறங்கி நினைவகத்தில் இருக்கும் எல்லா கிளாஸ்களுக்கும் போகலாம், எங்காவது ஒரு மூலையில் கோப்பைத் திறக்கும் வழி கிடைத்துவிடும். பைத்தானின் மையக்குழுவில் இருந்த விக்டர் ஸ்டின்னர் பைசாண்ட்பாக்ஸ் என்று இப்படி ஒரு கூண்டைப் பல வருடம் எழுதிப் பார்த்து, 2013-ல் இந்த அணுகுமுறையே அடிப்படையில் உடைந்தது என்று வெளிப்படையாகச் சொல்லிக் கைவிட்டார். உள்ளே இருந்து அவ்வளவு தெரிந்தவர் சொன்ன பிறகு நான் முயன்று பார்க்க ஒன்றுமில்லை.

அப்படித்தான் லுவாவுக்கு வந்தேன். இந்த மொழி பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1993, ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், அதில் டெக்கிராஃப் என்ற ஆய்வுக்குழு. ராபர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமர் செலஸ் என்று மூன்று பேர். வெளிநாட்டு வன்பொருளும் மென்பொருளும் பிரேசிலுக்குள் வர நெடுநாள் கட்டுப்பாடு இருந்ததால் வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே ஊறியிருந்தது. எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸுக்காக அவர்கள் எழுதிய செயலிகளில் பொறியாளர்கள் தங்கள் தரவையும் விதிகளையும் தாங்களே எழுத வேண்டியிருந்தது. அதற்காக முதலில் செய்த சின்ன மொழிகளில் ஒன்றின் பெயர் சோல், போர்த்துகீசிய மொழியில் சூரியன். அதற்கடுத்து வந்தது லுவா, நிலா. அதாவது, இந்த மொழி முழுநேர புரோகிராமர்களுக்காக ஆனதல்ல, இன்னொரு செயலிக்குள் உட்கார்ந்து அந்தத் துறைக்காரர் சொல்வதைக் கேட்பதற்காகவே ஆனது. திருப்பூர் கணக்காளர் அங்கே பெட்ரோப்ராஸ் பொறியாளர், அவ்வளவுதான் வித்தியாசம்.

எடை சில நூறு கிலோபைட். சி கோப்புகள் முப்பதுக்குச் சற்று மேல், அவற்றை என் ப்ராஜெக்டிலேயே போட்டுவிட்டேன். தனி டிஎல்எல் இல்லை, தேட வேண்டிய பாதை இல்லை, காணாமல் போக 'என்கோடிங்ஸ்' மாட்யூலும் இல்லை. எம்ஐடி உரிமம் என்பதால் செயலியின் 'பற்றி' பக்கத்தில் அவர்கள் அறிவிப்பை அப்படியே வைத்துவிட்டால் போதும்.

கூண்டும் இங்கே எளிது. லுவாவில் எதுவும் தானாக உள்ளே இருப்பதில்லை, நாம் திறந்துவிடும் லைப்ரரி மட்டும்தான் ஸ்கிரிப்டுக்குத் தெரியும். கோப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம், டீபக் மூன்றையும் நான் திறப்பதில்லை. அடிப்படை லைப்ரரியில் இருக்கும் கோப்பை ஏற்றும் ஃபங்ஷன்களையும் எடுத்துவிடுகிறேன். லைட்ரூம் என்ற படத் திருத்தியும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டும் நெடுங்காலமாக இதே மொழியை வைத்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எளிது என்றதும் அசந்துவிடக்கூடாது. முடிவே இல்லாத லூப் ஒன்றை யாராவது எழுதிவிட்டால் திரை உறைந்துவிடும். அதற்கு லுவாவில் ஒரு ஹூக் உண்டு. இத்தனை கட்டளைக்கு ஒரு முறை என்னைக் கூப்பிடு என்று சொல்லிவைக்கலாம், நேரம் மீறினால் அங்கேயே பிழை எழுப்பி நிறுத்தலாம். நான் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், ஒரு எழுத்தை நூறு கோடி முறை திரும்ப ஒட்டு என்று சொல்வது ஸ்கிரிப்டில் ஒரே ஒரு அழைப்பு. அது சி-க்குள் ஓடுவது, அதனால் ஹூக் இடையில் வரவே வராது. ஆகவே நினைவகத்துக்கும் வரம்பு வேண்டும். லுவா நினைவகம் கேட்கும்போதெல்லாம் நாம் கொடுக்கும் அல்லகேட்டர் ஃபங்ஷனைத்தான் கூப்பிடும், 64 எம்.பி. தாண்டினால் அங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, ஏற்கெனவே பைட்கோடாக மாற்றிய லுவாவை ஏற்க வேண்டாம், டெக்ஸ்ட் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பைட்கோடைச் சரிபார்க்கும் பகுதியை 5.2-லேயே எடுத்துவிட்டார்கள், வேண்டுமென்றே கெடுத்து எழுதிய பைட்கோட் இன்டர்பிரட்டரையே கவிழ்த்துவிடும்.

சி++ காரர்களுக்கு ஒரு வார்த்தை. லுவாவை சி-யாகக் கம்பைல் செய்தால் பிழை வரும்போது அது லாங்ஜம்ப் போட்டுத் தாவும், இடையில் இருக்கும் உங்கள் பொருட்களின் டெஸ்ட்ரக்டர்கள் ஓடாமல் போகலாம். எனக்கு ஒரு டேட்டாபேஸ் லாக் விடுபடாமல் நின்றது இதனால்தான், கண்டுபிடிக்க நான்கு நாள். அதே மூலத்தை சி++ ஆகக் கம்பைல் செய்தால் லுவா எக்ஸப்ஷனைப் பயன்படுத்திக்கொள்ளும், பிரச்சினை தீர்ந்தது.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது, ஏனென்றால் நான் தேடியபோது தமிழில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

முதல் நாளே ஒரு வாடிக்கையாளரிடம் ஸ்கிரிப்ட் ஏறவில்லை. அவர் ஃபோல்டர் பெயர் 'சம்பளம்', தமிழில். விண்டோஸில் லுவா கோப்பைத் திறக்க சி-யின் பழைய எஃப்ஓப்பனைத்தான் நம்புகிறது, அது கணினியின் ஆன்சி கோட்பேஜில் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) பெயரைப் படிக்கும், தமிழுக்கு அப்படி ஒரு ஆன்சி கோட்பேஜே விண்டோஸில் கிடையாது. பிரெஞ்சுக்காரருக்கு அவர் ஊர்க் கணினியில் தற்செயலாக வேலை செய்துவிடும், நமக்கு ஒரு எழுத்துகூடத் தேறாது. தீர்வு, கோப்பை லுவாவிடம் திறக்கச் சொல்லாமல் க்யூட்டியில் நானே படித்து, உள்ளடக்கத்தை மட்டும் லுவாவிடம் கொடுப்பது. இது பிற்பாடு இன்னொன்றுக்கும் கைகொடுத்தது, சொல்கிறேன்.

அடுத்தது சம்பளச் சீட்டு. பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, குறைந்தால் இடைவெளி நிரப்பு என்று ஃபார்மட் எழுதினால் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக நின்றன, தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாக வந்தன. லுவாவுக்கு ஸ்ட்ரிங் என்பது வெறும் பைட் வரிசை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, அதைக் கோப்பில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-ல் 15 பைட், லுவாவிடம் நீளம் கேட்டால் 15 என்றுதான் சொல்லும். 'முருகன்' 21 பைட். 20 இடத்துக்கு மேலேயே போய்விட்டதால் ஒரு இடைவெளிகூட நிரம்பாது. லுவாவின் யுடிஎஃப்-8 லைப்ரரி ஏழு என்று சொல்லும், அதுவும் நமக்கு உதவாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணும் ஃபங்ஷன் ஒன்றை சி++ பக்கம் எழுதி ஸ்கிரிப்டுக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் செயலியில் தமிழ் வருமென்றால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

மூன்றாவது என் ஆசை. கணக்காளர்கள் ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்கிறார்கள், எண்ணை மாற்றுகிறார்கள், ஆனால் ஆங்கிலப் பெயர்களைக் கண்டால் தயங்குகிறார்கள். கூலி என்றால் கூலி என்றே எழுத முடிந்தால்? பைத்தான் 3-ல் வேரியபிள் பெயர் தமிழிலேயே இருக்கலாம். லுவாவில் இயல்பாக முடியாது. ஆனால் 5.4-ன் மூலத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது எழுத்து வகைகளைப் பிரிக்கும் கோப்பில் ஒரு கம்பைல் விருப்பம் கண்ணில் பட்டது. அதை இயக்கினால் ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) வெளியே இருக்கும் எல்லாவற்றையும் பெயரில் வரக்கூடிய எழுத்தாக எடுத்துக்கொள்ளும். மொழியை நாமே கம்பைல் செய்து உள்ளே வைத்திருப்பதன் பலன் இது, வாடிக்கையாளர் கணினியில் இருக்கும் இன்டர்பிரட்டரை நம்பியிருந்தால் கனவில்கூட நடக்காது. இயக்கினேன். கூலி = பீஸ் * ரேட் என்ற வரி அப்படியே ஓடியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு கணக்காளரின் ஸ்கிரிப்டில் ஒரு பிழை. 'தொகை' என்று ஒரு வேரியபிள், மேலே மதிப்பு கொடுத்திருக்கிறார், கீழே அதையே கூட்டுகிறார், லுவாவோ கீழே இருப்பதில் மதிப்பே இல்லை என்கிறது. இரண்டு சொல்லும் திரையில் அச்சாக ஒன்று. பைட்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 'தொ'வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ஒரு வரி அவர் தட்டச்சு செய்தது, இன்னொன்று வேறெங்கிருந்தோ காப்பி செய்தது. பைத்தான் பெயர்களைத் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், லுவா பைட்டை மட்டும் பார்ப்பதால் அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். கோப்பை நானே படித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னேனே, அந்த இடத்தில் முழு ஸ்கிரிப்டையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு லுவாவிடம் கொடுத்தால் முடிந்தது. க்யூட்டியில் ஒரே வரி.

அப்படியானால் எல்லாருக்கும் லுவாதானா என்றால், இல்லை. உங்கள் பயனர்கள் எக்ஸெல் கோப்பைப் படிக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், நம்பை (NumPy) என்ற கணித லைப்ரரி வேண்டும் என்று கேட்பவர்களாக இருந்தால் பைத்தானை எம்பெட் செய்யுங்கள், எடையைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுபவரையும் ஓட்டுபவரையும் ஒருவராகவே வைத்திருக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதி இன்னொருவர் ஓட்டும் இடத்தில், விதி மட்டும் போதுமென்றால், நான் லுவாவைத்தான் சொல்வேன்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே ஒரு மொழியை வைத்து வெளியே கொடுத்துவிட்டால் அதன் வெர்ஷனை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நான் முதலில் வைத்தது லுவா 5.1, தமிழ்ப் பெயருக்காகத்தான் 5.4-க்குப் போனேன். 5.1-ல் எண் என்றால் ஒரே வகை. 5.3-லிருந்து முழு எண் தனி, தசம எண் தனி, சாதாரண வகுத்தல் எப்போதும் தசமத்தையே தரும். 900-ஐ இரண்டால் வகுத்தால் முன்பு சீட்டில் 450 என்று அச்சானது, இப்போது 450.0. தொகை சரிதான், ஆனால் சீட்டை வாங்கிய ஆள் அந்தப் புள்ளியையும் சுழியத்தையும் பார்த்து நின்று கேட்பார், அவர் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

அதனால் இப்போது ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் எந்த வெர்ஷனுக்கு எழுதியது என்று இருக்கும். 5.1-ஐயும் நீக்கவில்லை. பழைய ஸ்கிரிப்ட் வந்தால் பழைய லுவா எழும். வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்கிய 41 ஸ்கிரிப்டுகளும், பெயர்களை மாற்றிய அவர்களுடைய பழைய வாரக் கணக்குகளும் என்னிடம் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. புது வெர்ஷன் அனுப்புவதற்கு முன் வியாழக்கிழமை இரவு எல்லாவற்றையும் ஓட்டி, பழைய சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எந்த அப்டேட்டும் போகாது.